கையில் ஐம்பதாயிரம் டாலர்: பழைய 240 இசட்டா, புதிய இசட்டா?

சான் ஹோசேவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐம்பதாயிரம் டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முழுதாகச் சீரமைத்த 1972 மாடல் டாட்சன் 240 இசட் ஒன்று விலைக்கு வருகிறது. ஏறக்குறைய அதே காசுக்குப் புதிய நிசான் இசட், மேனுவல் கியரோடு கிடைக்கும். முக்கியமாக வார இறுதியில் ஸ்கைலைன் மலைப்பாதையில் ஓட்டத்தான். வாரத்தில் இரண்டு நாள் ஆபீசுக்கும் எடுத்துப்போவேன், போகிற வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவேன். எதை வாங்கலாம் அண்ணா?"

கேள்வியின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் சார்பைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். நான் பதினொரு வருடம் 1971 மாடல் 240 இசட் ஒன்று வைத்திருந்தேன். வீடு மாறியபோது ஷெட் இல்லாமல் போனதால் விற்றேன், இன்னும் மனசு ஆறவில்லை. புதிய இசட்டை நண்பர் ஒருவரிடம் வாங்கி நான்கைந்து வார இறுதிகள் ஓட்டியிருக்கிறேன். ஆகவே பழையதைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் இளகும், கண்டுகொள்ளாதீர்கள்.

இந்த இரண்டும் ஒரே வம்சம், டாட்சன் என்பது அன்றைக்கு நிசானே வைத்திருந்த பிராண்ட் பெயர். 1969 அக்டோபரில் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் வந்தது முதலாவது. அந்தப் பெயரை ஒட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்க ஆண்களிடம் விற்க முடியாது என்று, இங்கே நிசானின் விற்பனையைக் கவனித்துவந்த யுடாகா கட்டயாமா பிடிவாதமாக இருந்தார். கம்பெனி உள்ளுக்குள் புழங்கிய 240 இசட் என்பதையே பெயர்ப்பலகையாக்கினார். 240 என்றால் 2.4 லிட்டர் இன்ஜின், அவ்வளவுதான். அமெரிக்காவில் விலை 3,526 டாலர். அன்றைக்கு ஆறு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக், நீண்ட பானெட் வைத்த கூபே வேண்டுமென்றால் பெரும்பாலும் ஜாகுவாரோ போர்ஷேவோ கேட்கிற விலையைக் கொடுத்தாக வேண்டும். மலிவாகக் கிடைத்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நான்கு சிலிண்டரும், மழையில் ஒழுகும் துணிக்கூரையும்தான். நடுவில் இருந்த அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது டாட்சன். ஷோரூமில் காத்திருப்புப் பட்டியல் நீண்டது.

அந்த 3,526 டாலரை விலைவாசிக் கணக்கில் ஏற்றினால் 2022இல் சுமார் 26,500 டாலர் வரும். புதிய இசட் 2022இல் விற்பனைக்கு வந்தபோது அடிப்படை விலை 39,990, பெரிய பிரேக்கும் மற்றதும் உள்ள பெர்ஃபார்மன்ஸ் மாடல் 49,990. ஆக, பேரன் தாத்தாவைவிடப் பணக்காரன். ஆனால் 400 குதிரைத்திறனுக்கு இந்த விலை அந்த வருடச் சந்தையில் குறைச்சல்தான், அதையும் சொல்லவேண்டும்.

அளவைப் பார்ப்போம். பழையது 4.14 மீட்டர் நீளம், 1.63 மீட்டர் அகலம், எடை சுமார் 1,045 கிலோ. புதியது 4.38 மீட்டர் நீளம், 1.84 மீட்டர் அகலம், எடை 1,600 கிலோவை ஒட்டி. இரண்டிலும் இரண்டே இருக்கைதான். அப்படியானால் அந்த அரை டன் எங்கே போனது? கதவுக்குள் இரும்புக் கம்பம், காற்றுப்பைகள், சத்தம் தடுக்கும் பஞ்சு, இரண்டு டர்போ, அவற்றைக் குளிர்விக்கும் குழாய்களும் ரேடியேட்டர்களும், 19 அங்குலச் சக்கரம், மோட்டார் வைத்த இருக்கை, கிலோக்கணக்கில் ஒயர். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, எதையும் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்து, பழைய காரில் எட்டு ஆளை ஏற்றி ஓட்டுகிற கனமாகிவிடுகிறது.

அகலத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு எடையைவிட அதுதான் உறுத்துகிறது. ஸ்கைலைன் மாதிரி ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள பாதையில், 240 இசட் தன் தடத்துக்குள்ளேயே உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கோடு மாற்றி வளைய இடம் இருக்கும். புதியது அந்தத் தடத்தை நிரப்பிக்கொள்கிறது. எதிரே பிக்கப் லாரி வந்தால் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

அடுத்து குதிரைத்திறன். 240 இசட்டின் விளம்பரத்தில் 151 என்று இருக்கும். அதை அப்படியே 400க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கில் இன்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி, காரின் சைலன்சர், ஏர் ஃபில்டர் மாதிரி இழுபறி எதுவும் இல்லாமல் அளந்து எழுதுவார்கள். 1972 வாக்கில்தான் காரில் இருக்கிறபடியே எல்லாம் மாட்டி அளக்கும் முறைக்கு மாறினார்கள். இன்றைய முறையில் அளந்தால் 240 இசட் 120, 130க்குள்தான் நிற்கும். எடையோடு சேர்த்துப் பார்த்தால் டன்னுக்குப் புதியது 250, பழையது 120 சொச்சம். பூஜ்யத்திலிருந்து 60 மைலுக்குப் பழையது எட்டு விநாடி, புதியது நான்கரை. பழையதின் உச்ச வேகம் 200 கிலோமீட்டர் என்றார்கள். அந்த வேகத்துக்கு வெகுமுன்பே முன்பக்கம் காற்றில் மிதக்கத் தொடங்கும், ஸ்டீயரிங் கையில் பஞ்சாகும். அதனால்தான் பலரும் முன்பம்பருக்கு அடியில் ஒரு ஸ்பாய்லர் மாட்டிக்கொள்கிறார்கள். புதியதை 250 கிலோமீட்டரில் மின்னணுவே கட்டிப்போடுகிறது.

வேகம்தான் வேண்டும் என்றால் கேள்வி இங்கேயே முடிந்தது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் சிக்னலில் 240 இசட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நீங்கள் மலைப்பாதை என்றல்லவா சொன்னீர்கள்.

காலையில் 240 இசட்டைக் கிளப்புவதைச் சொல்கிறேன். ஊரில் அம்பாசடரோ பத்மினியோ ஓட்டியவர் வீட்டில் வளர்ந்திருந்தால் இது புதிதாக இருக்காது. கியர் லிவருக்குப் பின்னால், குளிர்ந்த எந்திரத்துக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக் லிவர் இருக்கும். அதை இழுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் எஸ்யூ வகை, ஹிட்டாச்சி தயாரித்தவை. எந்திரம் பிடித்ததும் உர்ரென்று அதிக வேகத்தில் சுற்றும், ஒரு நிமிடத்தில் சோக்கைப் பாதி உள்ளே தள்ள வேண்டும், தெரு முனை போனதும் மீதியை. ஒருமுறை முழுதாகத் தள்ள மறந்து இருபது மைல் ஓட்டி, ஸ்பார்க் பிளக் ஆறும் கரி பிடித்து, நடுவழியில் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது.

ஸ்டீயரிங்குக்கு பவர் கிடையாது. பார்க் செய்யும்போது தோள் வலிக்கும். நகரத் தொடங்கிவிட்டால் அதே ஸ்டீயரிங், சாலையில் கிடக்கிற ஒவ்வொரு சரளைக் கல்லையும் விரலுக்குச் சொல்லும். டயர் 175 மில்லிமீட்டர் அகலம்தான். வளைவில் 40 மைலில் போகும்போதே டயர் முனகத் தொடங்கும், பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து உட்காரும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்குத் தக்கபடி காரின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ நகரும். இது நடப்பது, வேக வரம்புக்குள்ளேயே. போலீஸ் பக்கத்தில் வந்தாலும் கையசைத்துவிட்டுப் போவார், நமக்கோ ரேஸ் ஓட்டுகிற மாதிரி உள்ளங்கை வேர்த்திருக்கும். பத்து மைல் ஓட்டி ஆலிஸ் உணவகத்து முக்கில் நிறுத்தினால், ஏதோ வேலை செய்த திருப்தி இருக்கும்.

அதே பாதையில் புதியதை ஓட்டினேன். பின் டயர் 275 மில்லிமீட்டர். பழைய கார் முனகிய வளைவில் இது கொட்டாவி விட்டது. ஒரு நேர்ச்சாலையில் இரண்டாம் கியரில் முழுக்க மிதித்தேன், டர்போ இரண்டும் விழித்துக்கொண்டு முதுகை இருக்கையோடு அழுத்தின, அந்த மூன்று விநாடியும் பிரமாதம். அப்புறம் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துவிட்டு உடனே காலை எடுத்தேன். 1,600 சுற்றிலேயே முழு முறுக்கு விசையும் வந்துவிடுவதால் கியர் மாற்ற அவசியமே வருவதில்லை, மூன்றாவதில் போட்டுவிட்டால் மலை முழுக்க ஏறி இறங்கலாம். மேனுவல் வாங்கிவிட்டு மூன்றாவதிலேயே ஓட்டுவதில் என்ன சுகம் என்று எனக்குத் தோன்றியது. கியர் இறக்கும்போது எந்திரமே தானாகச் சுற்றை ஏற்றிச் சரிசெய்துகொள்கிறது. நல்ல வசதி, அதை நிறுத்தியும் வைக்கலாம். நான் நிறுத்தித்தான் ஓட்டினேன், முதல் பத்து முறை அசடு வழிந்தேன், காரணம் பழக்கம் விட்டுப்போச்சு.

சத்தத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. உள்ளே கேட்கிற உறுமலில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருகிறது. டர்போ எந்திரங்கள் இயல்பிலேயே அமுங்கிய குரல் கொண்டவை என்பதால் இன்று பல கம்பெனிகளும் இப்படிச் செய்கின்றன. பழையதில் ஆறு சிலிண்டரும் வரிசையாக நின்று, மூச்சிழுக்கும் சத்தம் பானெட் வழியாக வரும். 4,000 சுற்றுக்கு மேல் அது ஒரே சுருதியில் ஏறும்போது, வண்டியில் ஏறிய யாரும் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். பேசினாலும் கேட்காது என்பது இன்னொரு காரணம்.

புதியதைக் குறை சொல்கிறவர்கள் முதலில் எடுக்கிற ஆயுதம், "இது முழுக்கப் புதிய கார் இல்லை" என்பது. உண்மைதான். அடித்தளம் இதற்கு முந்தைய மாடலான 370 இசட்டிடமிருந்து வந்தது, அதன் வேர் அதற்கும் முந்தைய 350 இசட் காலம்வரை போகிறது. இருபது வருடத்துக்கு மேல் பழசான எலும்புக்கூட்டின் மேல் புதுத் தோல் போர்த்தியிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கில் ஹைட்ராலிக் போய் எலக்ட்ரிக் வந்ததில், 370இல் இருந்த கொஞ்சநஞ்சக் கைப்பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய எலும்புக்கூட்டால்தான் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் தப்பித்திருக்கிறது, மேனுவல் கியரும் இருக்கிறது, பின்சக்கரங்கள்தான் காரைத் தள்ளுகின்றன. முற்றிலும் புதிதாக வரைந்திருந்தால் விலை எகிறியிருக்கும், அல்லது கார் வந்தே இருக்காது. ஐரோப்பாவில் புகை, சத்தக் கட்டுப்பாடுகள் காரணமாக விற்பனைக்கே கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே கிடைக்கிறதே என்று நினைக்கத் தோன்றும்.

தோற்றத்தில் பேரன் தாத்தாவை நன்றாகவே நினைவு வைத்திருக்கிறான். கூரையிலிருந்து வால்வரை இறங்கும் கோடு, கண்ணாடிக்குப் பின்தூணில் இருக்கிற முத்திரை, டாஷ்போர்டின் மேல் ஓட்டுநரைப் பார்த்துத் திரும்பிய மூன்று வட்ட மீட்டர்கள். 240இல் அவை தண்ணீர்ச் சூடும் ஆயில் அழுத்தமும், பெட்ரோலும் ஆம்பியரும், ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரம் ஓடுகிற 240 இசட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். புதியதில் பூஸ்ட் எனப்படும் டர்போ ஊதுகிற காற்றின் அழுத்தம், டர்போ சுற்றும் வேகம், பேட்டரி வோல்ட். டர்போ என்ன வேகத்தில் சுற்றினால் எனக்கென்ன என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் மூன்று வட்டம் வேண்டுமே.

ரேலி பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனமில்லை. 240 இசட் அழகுக்குத்தான், மென்மையான கார் என்று நினைப்பவர்களுக்காக. 1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியில் முதலிடம் எட்கர் ஹெர்மன், இரண்டாமிடம் ஷேகர் மேத்தா, இரண்டு பேரும் 240 இசட்டில். உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் மேத்தா. 1973இல் அவர் 240 இசட்டில் ஓடி முடித்தபோது, டாட்சன் 180பியில் வந்த ஹாரி கால்ஸ்ட்ரோமும் அவரும் ஒரே தண்டப் புள்ளியில் நின்றார்கள். ஆரம்பத்திலிருந்து யார் அதிக தூரம் தண்டம் வாங்காமல் வந்தது என்று பார்த்து மேத்தாவுக்குக் கொடுத்தார்கள். சேறும் புழுதியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி இப்படி ஒரு முடிவு. அந்த இரும்பு பிளாக் எந்திரத்தில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். அடிமட்டம் கெட்டி. எண்ணெய் ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் மைல் ஓடியவற்றை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

எந்திரம் கெட்டி. உடம்பு அப்படி இல்லை. இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், கேட்கிற ஐம்பதாயிரமும் இதில்தான் நிற்கிறது.

அந்தக் காலத் தகடு மெல்லியது, துருத் தடுப்பு பெயரளவுக்கு. எனக்குத் தெரிந்த 240 இசட்களில் விபத்தில் செத்ததைவிடத் துருவில் செத்தவைதான் அதிகம். விற்பவர் "முழுதாகச் சீரமைத்தது" என்றால் உடனே கேளுங்கள்: எதை? புது பெயின்ட், புது சீட் கவர், பளபள சக்கரம் இவை சீரமைப்பின் கடைசிப் பத்து சதவீதம். மீதி அடியில் இருக்கிறது. காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விடமாட்டேன் என்று சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்றிவிட்டால் பார்க்க வேண்டியவை. பானெட்டைத் திறந்து பேட்டரித் தட்டு: ஐம்பது வருடமாக அமிலம் சொட்டி அந்த மூலை அரித்திருக்கும், அதற்கு நேர் கீழே ஓடும் சட்ட இரும்பும் சேர்ந்து போயிருக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் கால் வைக்கும் தரை: கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் தப்பில்லை, கருப்புத் தாரைப் பூசி மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவு முடியும் இடத்தின் கீழ்மூலை: இங்கேதான் நம்மூர் பாஷையில் பட்டி பார்த்து ஏமாற்றுவார்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள், தகடு இருந்தால் ஒட்டும், வெறும் பட்டி என்றால் கையோடு கீழே விழும். பின்கதவின் விளிம்பு, ஸ்டெப்னிப் பள்ளம், கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் தொட்டி. கடைசியாகச் சொன்ன இடத்துக்குக் கை எட்டாது, ஒரு ஃபோன் கேமராவை விட்டுப் பாருங்கள். சட்ட இரும்பு போயிருந்தால் டிங்கரிங் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும், பெயின்ட் தனி.

மற்றவை சமாளிக்கக்கூடியவை. டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், விரிசல் இல்லாதது என்றால் அது மாற்றியது. ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போகும்படி அமைத்திருப்பதால் அது சூடாகி உருகும், விவரம் தெரிந்தவர்கள் ரிலே வைத்திருப்பார்கள், இருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு ரப்பரும் டெயில் லைட் கேஸ்கெட்டும் பழசானால் சைலன்சர் புகை வண்டிக்குள் சுழலும். வீடு வந்ததும் சட்டையை மோந்து பார்த்து, பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தாயா என்று மனைவி கேட்டதுண்டு.

நீங்கள் பார்த்திருப்பது 1972 என்பது நல்லது. 1973இல் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டையான மேல்மூடி கொண்ட வேறு கார்புரேட்டரை மாட்டினார்கள், சூட்டில் திணறும் என்று அதற்குக் கெட்ட பெயர். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு 1972இல் வந்த உருண்டை மூடியைத்தான் தேடிப்பிடித்து மாட்டினார்கள். இன்னொரு வசதி, 1975ஆம் வருடமும் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை இல்லை.

விலை விவகாரம். 2020 ஜனவரியில் வெறும் 21,000 மைல் சொச்சம் ஓடிய ஒரு 1971 கார் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அதை வைத்து "என் கார் அரை மில்லியன் போகும்" என்று கனவு காண்கிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள், அது கை படாத கார், உங்களுக்கு வருவது மறுபடி செய்தது. நிசானே 1990களின் பிற்பகுதியில் பழைய 240களை வாங்கிச் சீரமைத்து டீலர் வழியாக விற்றது தெரியுமா? நாற்பது கார் அளவில் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு காரை ஒழுங்காகச் சீரமைக்க ஆகிற செலவு, விற்கிற விலையைத் தாண்டும் என்பதைத் தயாரித்தவர்களே கண்டுகொண்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இதன் மறுபக்கம், வேறொருவர் செலவழித்து முடித்த காரை வாங்குவது லாபம். நீங்களே பாழடைந்ததை வாங்கிச் சரிசெய்யலாம் என்று மட்டும் இறங்காதீர்கள்.

புதியது ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்கத் தொடங்கும். நல்ல 240 அப்படியே நிற்கும், ஒருவேளை கொஞ்சம் ஏறும். ஆனால் 240க்கு உங்கள் சனிக்கிழமைகளைக் கொடுக்க வேண்டும். வால்வு இடைவெளி பார்ப்பது, ஸ்பார்க்குக்கு நேரம் கொடுக்கிற பாயின்ட் தேய்ந்ததா என்று பார்ப்பது, இரண்டு கார்புரேட்டரையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவருவது, அவற்றின் மேல்திருகைக் கழற்றி உள்ளே ஆயில் விடுவது. எதுவும் கம்பசூத்திரம் இல்லை, ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இரண்டு மணி நேர வேலை. பாகங்கள் அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய காருக்கான இன்சூரன்சில், விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுகிற வகையை எடுங்கள். அதில் பெரும்பாலும் தினசரி ஆபீஸ் ஓட்டம் கூடாது என்று நிபந்தனை இருக்கும். புதியதற்கு மூன்று வருடம் அல்லது 36,000 மைல் வாரன்டி, எந்திரம், கியர்பாக்சுக்கு ஐந்து வருடம் அல்லது 60,000. ஆயில் மாற்றுவதற்கு மேல் நீங்கள் தொட வேண்டியதில்லை, தொடவும் இடம் இல்லை, பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும்.

சரி, இப்போது பள்ளிக்கு வருவோம்.

240 இசட்டில் காற்றுப்பை இல்லை. ஏபிஎஸ் இல்லை, பின்னால் டிரம் பிரேக். மோதினால் மடங்கித் தாங்குகிற முன்பக்கம் என்ற எண்ணமே தொழிலில் பரவாத காலத்தில் வரைந்த கார். ஸ்கைலைனில் நீங்கள் தனியாகப் போகும்போது அது நீங்கள் தெரிந்தே எடுக்கிற ஆபத்து, நானும் எடுத்தேன். காலை எட்டரை மணிக்கு 101 நெடுஞ்சாலையில், இரண்டரை டன் எஸ்யூவிகளுக்கு நடுவில், ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு நடுவில், பக்கத்து இருக்கையில் குழந்தையோடு அதை ஓட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த காரை எவ்வளவு விரும்புகிறேனோ அவ்வளவு உறுதியாக இதைச் சொல்கிறேன். புதியதிலும் பின் இருக்கை கிடையாது. ஆனால் காற்றுப்பை, ஆளின் எடையை உணர்ந்து அதை நிறுத்திவைக்கிற சென்சார், எதிரே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும் வசதி எல்லாம் உண்டு. வீட்டில் வேறு கார் இருந்து, மகளை அதில் கொண்டுபோய் விடலாம் என்றால் என் பதில் மாறும், 240தான். நீங்கள் எழுதியபடியே இருந்தால் புதியதை எடுங்கள்.

எடுப்பதானால் பெர்ஃபார்மன்ஸ் மாடலை எடுங்கள். பெரிய பிரேக்குக்காக மட்டும் சொல்லவில்லை, ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் விசையை இரண்டுக்கும் பங்கிடுகிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அதில்தான் வருகிறது. அது இல்லாமல் 400 குதிரைத்திறனை ஈரச்சாலை வளைவில் மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுழலும், காசு கொடுத்தும் பாதி எந்திரம் வீண். முதலில் வந்த காலத்தில் டீலர்கள் பட்டியல் விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஏற்றிக் கேட்டார்கள். இப்போதும் யாராவது கேட்டால் அடுத்த ஊர் டீலருக்கு ஃபோன் போடுங்கள்.

அந்த 1972 காரை எதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். காந்தத்தை மறக்க வேண்டாம். கார்ப்பெட்டைத் தூக்கி, பேட்டரித் தட்டைப் பார்த்து, சட்ட இரும்பைத் தட்டிப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருந்தால் விற்பவரின் நம்பரை எனக்கு அனுப்பிவையுங்கள் தம்பி. புது வீட்டில் இந்த வருடம்தான் ஷெட் போட்டிருக்கிறேன்.